பிறை முத்திரையைக் கடைசியில் பாருங்கள்: பழைய நீல-வெள்ளை ஆங்கிலப் பீங்கானின் வயதை அறியும் வழி

பெங்களூரு கண்டோன்மென்ட் 1809இல் அமைந்தது. அங்கே வந்து தங்கிய ஆங்கில அதிகாரிகளின் பங்களாக்களிலும், அவர்களிடம் சமையலுக்கும் கணக்குக்கும் இருந்த நம் முன்னோரின் வீடுகளிலும் தங்கிப்போன தேநீர்க் கலங்கள், அல்சூர், ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கத்து அலமாரிகளிலிருந்து இன்றும் ஒன்றிரண்டாக வெளியே வருகின்றன. வீட்டை இடித்து அடுக்ககம் கட்டும்போது அவை சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகளுக்கோ அவென்யூ ரோடு பக்கத்து ஞாயிறு சந்தைக்கோ போய்ச் சேர்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 20ஆம் நூற்றாண்டையும் சேர்ந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1750க்கும் 1800க்கும் இடைப்பட்ட உண்மையான ஆங்கிலப் பீங்கான் மிக அரிதாகவே கிடைக்கும். ஆனால் அந்த அரிதான ஒன்று கையில் வரும்போது அதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே வைத்துவிட்டால், அது அடுத்தவர் பைக்குப் போய்விடும்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, கலத்தைக் கையில் எடுத்தவுடன் கவிழ்த்து முத்திரையைத் தேடுவது. நானும் அதைத்தான் செய்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்காரர், “சார், பிறை இருக்கு பாருங்க, ராணி காலத்துக்கும் முந்தினது” என்று ஒரு சாசரை நீட்டினார். நீலத்தில் பிறை இருந்தது. இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் ஆலையின் அடையாளம் பிறை என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். அது 18ஆம் நூற்றாண்டுப் பொருளே அன்று, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்த நகல் என்பது வீட்டுக்கு வந்து விளக்கொளியில் பிடித்த பிறகே புரிந்தது. அன்றிலிருந்து நான் ஒளி, அடி, நீலம், வடிவம் என்ற வரிசையிலேயே பார்க்கிறேன். முத்திரை இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

இருட்டான மூலையில் நின்று, கைபேசி டார்ச்சைக் கலத்தின் உட்புறத்திலிருந்து அடித்து வெளிப்புறத்தைப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் அது பீங்கான். ஊடுருவாவிட்டால் பெரும்பாலும் வெள்ளை மண்பாண்டம்தான். நம் வீடுகளில் ‘சீனா கோப்பை’ என்ற ஒரே பெயரில் வழங்கும் இரண்டும் வெவ்வேறு பொருள்கள். பாலத்தின் மேல் மூன்று மனிதர், மேலே பறக்கும் இரண்டு புறாக்கள், சாய்ந்த வில்லோ மரம் ஆகியவை கொண்ட நீலத் தட்டுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இந்த வில்லோ கோலம் ஏறத்தாழ 1790 வாக்கில் இங்கிலாந்தில் நிலைபெற்றது. ஆனால் அதைத் தாங்கிய கலங்களில் மிகப் பெரும்பாலானவை மண்பாண்டமே. இங்கிலாந்தில் மட்டுமல்லாமல் ஜப்பானிலும் 20ஆம் நூற்றாண்டில் அவை ஏராளமாகச் செய்யப்பட்டன. காதலர் ஓடிப்போய்ப் புறாக்களான கதையை வைத்து அதற்குச் சீனப் பழமை கற்பிக்காதீர்கள். கோலம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆங்கிலேயர் கட்டிய கதை அது.

ஒளி ஊடுருவுகிறதா என்பதோடு நிறுத்தாமல், அது எந்த நிறத்தில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இங்கேதான் இத்துறையின் சுவையே இருக்கிறது. சீனரின் பீங்கான் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் ஒருவகைப் பாறைத் தூளும் சேர்ந்து, மிகுந்த சூட்டில் வெந்த கடினக் கலவை. 1740களில் பீங்கான் செய்யத் தொடங்கிய ஆங்கில ஆலைகளுக்கு அந்த வித்தை கைவரவில்லை; ஒவ்வோர் ஆலையும் தனக்குத் தோன்றியதைச் சேர்த்துப் பார்த்தது. லண்டனுக்குக் கிழக்கே இருந்த ‘போ’ என்ற ஆலையும் கடற்கரை ஊரான லோஸ்டாஃப்டின் ஆலையும் எலும்புச் சாம்பலைச் சேர்த்தன. 1751இல் தொடங்கிய வூஸ்டர் ஆலை கார்ன்வாலிலிருந்து மாக்கல்லைக் கொண்டுவந்து சேர்த்தது. மாக்கல் என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை; வற்றல் குழம்பு வைக்கும் கல்சட்டியின் கல்தான் அது. கல்சட்டி சூட்டைத் தாங்குவதைப் போலவே வூஸ்டரின் தேநீர்க் கெண்டியும் கொதிநீரைத் தாங்கியது; மற்ற ஆலைகள் சிலவற்றின் கெண்டிகள் கொதிநீர் பட்டதும் விரிசல் விட்ட காலத்தில், வூஸ்டர் நிலைத்து நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நல்ல காலத்து வூஸ்டரை விளக்கொளியில் பிடித்தால் மெல்லிய பச்சை தெரியும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் மாவட்டத்தில் தாமஸ் டர்னர் நடத்திய காஃப்லி ஆலையும் மாக்கல்லையே பயன்படுத்தியது. ஆனால் அதன் கலங்களில் ஒளி பெரும்பாலும் வைக்கோல் நிறத்திலோ ஆரஞ்சாகவோ வரும். போவும் லோஸ்டாஃப்டும் தடித்தவை; ஒளி மங்கி மஞ்சளாகவோ பழுப்பாகவோ வரும், சில இடங்களில் வரவே வராது. ஜோசையா ஸ்போடு 1800ஐ ஒட்டி நிலைப்படுத்திய எலும்புப் பீங்கானில், அதாவது பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பல் சேர்ந்த கலவையில், ஒளி தூய வெண்மையாக வரும். உங்கள் வீட்டுக் கோப்பை அப்படி இருந்தால் அது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை. ஓர் எச்சரிக்கை: 1770களின் இறுதிக்குப் பிந்திய வூஸ்டரிலும் பச்சை மங்கி ஆரஞ்சு வருவதுண்டு. ஆகவே நிறம் ஒரு சாட்சிதான். அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது.

கலத்தில் எங்காவது சில்லு பெயர்ந்திருந்தால் அதை வருத்தமாக எண்ணாமல் வாய்ப்பாகக் கொள்ளுங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், கடினக் கலவை உடைந்த இடம் கண்ணாடிச் சில்லைப் போல் வழவழப்பாக இருக்கும். கயோலின் வித்தை கைவராத ஆங்கில ஆலைகளின் பழைய கலவை, அதாவது மென்கலவை, அச்சுவெல்லத்தை உடைத்ததைப் போல் மணல்மணலாக இருக்கும். நான் ஏமாந்த சாசரின் விளிம்பில் ஒரு சிறு சில்லு இருந்தது. அதைப் பார்த்திருந்தாலே போதும். அது கண்ணாடி போல் உடைந்திருந்தது.

அடுத்து அடிவளையம். கவிழ்த்துப் பார்க்கும்போது முத்திரையின் மேல் கண் ஓடாமல், வளையத்தின் உட்புறத்தில் ஓடட்டும். சூளையில் கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சு வழிந்து, கலத்தை வைக்கும் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வூஸ்டரில் வளையத்தை ஒட்டி உட்புறமாகப் பூச்சைத் துடைத்துவிடுவது வழக்கம். அதனால் மெல்லிய மெருகில்லாத கோடு ஒன்று வளையத்தைச் சுற்றி ஓடும். சாதாரணப் பென்சிலை அங்கே இழுத்துப் பாருங்கள். மெருகு உள்ள இடத்தில் பென்சில் வழுக்கும், மெருகில்லாத இடத்தில் எழுதும். காஃப்லியிலும் வேறு சில ஆலைகளிலும் இது உண்டு என்பதால் இதுவும் முடிந்த முடிவன்று. ஆனால் வூஸ்டர் என்று ஒருவர் விற்கும் கலத்தில் இதைத் தேடாமல் பணத்தை எடுக்கக் கூடாது. சீனக் கலங்களில் வளையத்தின் நுனி மெருகில்லாமல், பல சமயம் சூட்டில் செம்பழுப்பேறி இருக்கும். பழைய கலத்தின் வளையம் இருநூறு ஆண்டு மேசையில் உராய்ந்து தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானம் எல்லாத் திசையிலும் ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும். ஒரே திசையில் சீராகத் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

இனி நீலம். கோபால்ட்டைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தீட்டியதா, செப்புத் தகட்டிலிருந்து அச்சிட்டதா என்பதே இங்கே கேள்வி. தீட்டிய கலத்தில் நீலம் ஓரிடத்தில் அடர்ந்து ஓரிடத்தில் வெளிறும்; தூரிகையை எடுத்த இடம் தெரியும். அச்சிட்ட கலத்தில் நிழல்கள் எல்லாம் நெருக்கமான இணைகோடுகளால் ஆனவை, ரூபாய் நோட்டில் இருப்பதைப் போல. செதுக்கிய தகட்டில் நீலத்தைத் தேய்த்து, மெல்லிய காகிதத்தில் எடுத்து, மெருகிடாத கலத்தின் மேல் ஒட்டி அழுத்தி, காகிதத்தை நீரில் கழுவிவிட்டு, பிறகு மெருகிட்டுச் சுடுவார்கள். காகிதத்தை வளைந்த இடத்தில் ஒட்டும்போது விளிம்புக் கோலம் சரியாகச் சேராமல் ஓரிடத்தில் துண்டு விழும். அந்தத் தையலைத் தேடிப் பாருங்கள். மெருகின் அடியில் நீல அச்சு வூஸ்டரில் 1750களின் இறுதியில் தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டின் அச்சுகள் கோடுகளால் மட்டுமே ஆனவை. கோட்டோடு நுண்ணிய புள்ளிகளும் சேர்ந்து நிழல் தருமானால், அந்தத் தகடு பெரும்பாலும் 1800க்குப் பிந்தியது.

வூஸ்டரும் காஃப்லியும் ஒரே கோலத்தை அச்சிட்ட இடங்களில் குழப்பம் அதிகம். சேகரிப்பவர்கள் பலர் விழும் குழி இதுதான். இரண்டு ஆலைகளும் 1780ஐ ஒட்டிச் செய்த ‘மீனவர்’ கோலத்தை எடுத்துக்கொள்வோம். சீனப் பாணியில் தீவு, மரம், படகு, மீனைக் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் ஒருவர், தூண்டிலோடு இன்னொருவர் என்று மேலோட்டமாக இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மீனைப் பாருங்கள். காஃப்லியின் மீன் குட்டையாகக் கொழுத்திருக்கும். வூஸ்டரின் மீன் நீண்டு ஒல்லியாக இருக்கும். தூண்டில் கயிற்றைப் பாருங்கள். காஃப்லியில் அது விறைத்து நேராக இருக்கும்; வூஸ்டரில் தளர்ந்து நெளிந்திருக்கும். நம் மீன் கடைக்காரர்களிடம் காட்டினால் அவர்கள் ஒரு நொடியில் பிரித்துவிடுவார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

வடிவம் காலத்தை நெருக்கிக் காட்டும். 18ஆம் நூற்றாண்டின் தேநீர்க் கிண்ணத்துக்குக் கைப்பிடி இல்லை; சீனக் கிண்ணத்தை அப்படியே பின்பற்றியவை அவை. காபிக்கான கோப்பைக்குக் கைப்பிடி உண்டு. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சாசர். அந்தச் சாசர் நம் டபராவைப் போல் ஆழமானது. நடுவில் கோப்பை உட்காருவதற்கான பள்ளம் அதில் இருக்காது. பள்ளமுள்ள சாசரை யாராவது 1770ஆம் ஆண்டினது என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பள்ளம் விக்டோரியா காலத்தில்தான் பரவலானது. தேநீர்க் கெண்டியின் அளவுக்குப் பின்னால் ஒரு வரிக்கணக்கும் இருக்கிறது. தேயிலை மீது 119 விழுக்காடு வரை இருந்த வரியை 1784இல் பிரிட்டிஷ் அரசு 12.5 விழுக்காடாகக் குறைத்தது. அதற்கு முன் தேயிலை பூட்டிவைக்கும் பொருள். கெண்டிகளும் சிறியவை, உருண்டையானவை. பின்னர் கெண்டி பெருத்தது. 1790களில் முட்டை வடிவமும், 1812 வாக்கிலிருந்து நீள்சதுரமான ‘லண்டன்’ வடிவமும் வந்தன. கைப்பிடியுள்ள கோப்பையில் தேநீர் குடிப்பது 1800க்குப் பிறகே பொது வழக்கமாயிற்று.

இவ்வளவுக்கும் பிறகு முத்திரைக்கு வரலாம். வூஸ்டரில் தீட்டிய கலங்களுக்கு வெறும் கோட்டுப் பிறையும், அச்சிட்ட கலங்களுக்கு உள்ளே கோடுகளால் நிரப்பிய பிறையும் வழக்கம். ஆனால் லோஸ்டாஃப்ட், போ போன்ற ஆலைகளும் பிறையைப் போட்டன. காஃப்லியின் ஆங்கில ‘சி’ எழுத்து அவசரத்தில் பார்த்தால் பிறையாகவே தெரியும், தெரியட்டும் என்றே போட்டார்களோ என்னவோ. காஃப்லிக்கு ‘எஸ்’ என்ற எழுத்தும், களிமண்ணில் அழுத்திய ‘சாலோப்பியன்’ (ஷ்ராப்ஷரைச் சேர்ந்தது) என்ற சொல்லும் உண்டு. சீன எழுத்தைப் போல் வளைத்துச் சுழித்த 1 முதல் 9 வரையிலான எண்களையும் காணலாம். நெடுங்காலம் இவை காஃப்லியின் எண்கள் என்றே நம்பினார்கள். 1968இல் வூஸ்டர் ஆலை இருந்த இடத்தைத் தோண்டியபோது அவை வூஸ்டரின் எண்கள் என்று தெரிந்தது. பழைய கையேடு ஒன்றை வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். லோஸ்டாஃப்டில் அடிவளையத்தின் உட்சுவரில் சிறு எண் தீட்டியிருக்கும். அது தீட்டியவரின் எண். முத்திரையே இல்லாத நல்ல கலங்களும் ஏராளம், அதனால் இல்லாமை ஒரு குறையன்று.

19ஆம் நூற்றாண்டில் சட்டம் நமக்கு உதவுகிறது. 1842 முதல் 1883 வரை வடிவமைப்பைப் பதிவு செய்த கலங்களில் வைர வடிவக் குறி இருக்கும். அதன் உச்சியில் வட்டத்துக்குள் ரோமன் எண் நான்கு இருந்தால் பீங்கான், மண்பாண்ட வகை. 1867 வரை ஆண்டுக்குரிய எழுத்து மேல் மூலையிலும், 1868 முதல் வலது மூலையிலும் வரும். ‘எக்ஸ்’ மேலே இருந்தால் 1842, வலப்பக்கம் இருந்தால் 1868. 1884 முதல் பதிவு எண் மட்டுமே. 1900ஆம் ஆண்டின் எண்கள் 3,51,202இல் தொடங்குகின்றன. ‘இங்கிலாந்து’ என்ற சொல், அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் காரணமாக 1891 முதல் பரவலானது. அது இருந்தால் 1891க்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இல்லாவிட்டால் முந்தியது என்று கொள்ளக் கூடாது, ஏனெனில் அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் அது தேவைப்படவில்லை, இந்தியாவுக்கு வந்தது அந்தச் சரக்குதான். ‘மேட் இன் இங்கிலாந்து’, ‘போன் சைனா’ (எலும்புப் பீங்கான்) என்ற சொற்கள் 20ஆம் நூற்றாண்டைக் காட்டுபவை. வூஸ்டரின் பிற்கால நிறுவனமான ராயல் வூஸ்டர் 1892 முதல் தன் முத்திரையருகே ஆண்டுக்கு ஒரு புள்ளியாகச் சேர்த்துக்கொண்டே போனது. புள்ளிகளை எண்ணினால் ஆண்டு கிடைக்கும்.

நகல்கள் இரண்டு வகை. பாரிசின் சாம்சன் நிறுவனம் பழைய ஆங்கிலக் கலங்களைக் கடினக் கலவையில் நகலெடுத்தது. இங்கிலாந்தின் பூத்ஸ் ஆலை வூஸ்டரின் அலங்காரங்களை ஒளி புகாத மண்பாண்டத்தில் செய்தது. இரண்டையும் டார்ச்சும் சில்லுமே காட்டிக்கொடுக்கும். ஒட்டு வேலையை அறிய, கலத்தை விரல் நுனியில் தாங்கி நகத்தால் மெல்லத் தட்டுங்கள். முழுமையானது மணி போல் ஒலிக்கும், விரிசல் உள்ளது ‘டொக்’ என்று நிற்கும். புற ஊதா விளக்கில் பிசின் ஒட்டு தனியாக ஒளிரும். வீட்டுக்கு வந்தபின் புளியும் தேங்காய் நாரும் அதன் பக்கம் போக வேண்டாம்; வெதுவெதுப்பான நீரும் பருத்தித் துணியும் போதும். மெருகில் ஈயம் கலந்த காலத்துக் கலங்கள் என்பதால் அவற்றில் அன்றாடம் தேநீர் குடிப்பதையும் நான் விரும்பமாட்டேன். லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை மைய அரசின் வழியன்றி ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதை அறிந்திருங்கள். நூறாண்டுக்கு உட்பட்டது என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அதற்கான சான்றிதழ் பெறலாம்.

சென்ற ஆண்டு காக்ஸ் டவுனில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மாமனார் வழியாக வந்த ஒரு தேநீர்க் கிண்ணத்தையும் சாசரையும் என் முன் வைத்தார். கைப்பிடி இல்லாத கிண்ணம், ஆழமான சாசர், இரண்டிலும் மீனவர் கோலம். டார்ச் அடித்தேன், இரண்டும் ஆரஞ்சு. பென்சில் இழுத்தேன், இரண்டிலும் எழுதியது. அச்சில் புள்ளிகள் இல்லை, கோடுகள் மட்டுமே. “ஜோடிதானே தம்பி, எங்க மாமனார் எப்பவும் சேர்த்துத்தான் வைப்பார்” என்றார் அம்மையார். பூதக்கண்ணாடியை வைத்தபோது கிண்ணத்தில் மீன் ஒல்லியாக நீண்டிருந்தது, கயிறு நெளிந்திருந்தது; சாசரில் மீன் கொழுத்திருந்தது, கயிறு விறைத்திருந்தது. அதன் பிறகே கவிழ்த்தேன். கிண்ணத்தின் அடியில் சுழித்த எண் ஒன்று, சாசரின் அடியில் ‘எஸ்’. கிண்ணம் வூஸ்டர், சாசர் காஃப்லி, இரண்டும் 1780க்கும் 1790க்கும் இடைப்பட்டவை என்று இரண்டு தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டுகளை உள்ளே போட்டுவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் அதே சாசரின் மேல்தான் வைத்தார்.